தள்ளுகிற உடம்பு

மொத்தப் பாட்டிலையும் குடிச்சிருங்க பெரியவரே, குடிச்சுட்டு அடக்கி வெச்சிருங்க, முட்டிக்கிட்டு வந்ததும் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு அந்தக் கவுன்டர்ப் பெண் மறுபடியும் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். முட்டிக்கிட்டு வந்ததும் சொல்ல வேண்டுமாம். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, இத்தனை பேருக்கு நடுவில் ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி விரலைத் தூக்கிக் காட்டுவதா. நாச்சிமுத்து பாட்டிலைத் திருகினார். பெரியவரே என்கிறாள். முப்பது வருசம் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள், முதலாளியே மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டான், திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறைக்குள் நுழைந்தாலும் சேரை இழுத்துப் போட்டுத் துண்டால் தட்டிவிட்டார்கள், இப்போது இந்த ஸ்கேன் சென்டரில் மூத்திரப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த யாரோ ஒரு பெரியவர். தண்ணீர் சில்லென்று நெஞ்சுக்குள் இறங்கியது. யார் இதை ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னது. பக்கத்து நாற்காலியில் திருமூர்த்தி நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தான். பாப்பாத்தியின் தம்பி. அக்கா புருசனைக் காரில் ஏசி போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறவன், ஊர் மெச்சுகிற மச்சினன். தோட்டை அமுக்கி, பருப்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, தோலை ஊதி, வாயில் போட்டு, எல்லாம் ஒரு சாவகாசம். தோல் பறந்து வந்து நாச்சிமுத்துவின் வேட்டியில் உட்கார்ந்தது. தட்டிவிட்டார். இன்னொன்று வந்தது. வேண்டுமென்றே ஊதுகிறானா. போன வருசம் மூத்திரப்பைக்குள் ஒரு பரு இருந்ததைக் கம்பி விட்டுச் சுரண்டி எடுத்தார்கள், அது புற்று என்றார்கள், மறுபடி முளைத்திருந்தால் பையையே எடுத்துவிட்டு வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிவிடுவோம் என்றார்கள். மாட்டட்டும். இன்றைக்கு அவரை அரிப்பது அது இல்லை. மகன் பரணி ஒரு மாதமாகத் திருமூர்த்தியின் பட்டறை ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருக்கிறான். ஆவணி பிறந்ததும் அவனைப் பவுடர் ரூமுக்கு மாற்றப்போகிறானாம் தாய்மாமன். நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். அக்கா வாய் நிறையச் சரி என்று சொல்லிவிட்டாள். அப்பனை யாரும் கேட்கவில்லை. அப்பன் இங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான், குடி, குடித்து அடக்கு.

பவுடர் ரூம். அந்தப் பேரைக் கேட்டாலே இன்றைக்கும் மூக்கின் அடியில் ஒரு கசப்பு வந்து நிற்கிறது. ஜன்னல் இல்லாத அறை, காற்றில் பவுடர் பறந்துவிடும் என்று ஜன்னலை அடைத்திருந்தார்கள், ஒரே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அதுவும் இறக்கை வளைந்து கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே போகிறவன் துண்டை மூக்கோடு கட்டிக்கொண்டு சாயத்தை அள்ளி எடை போட்டு, சுடுதண்ணீர் ஊற்றிக் கூழாகக் கரைத்து வெளியே கொடுக்க வேண்டும். தொட்டியில் நிற்கிறவனைவிடக் கூலி அதிகம், அதைவிட மரியாதை அதிகம், எந்தப் பார்ட்டிக்கு எந்தக் கலவை என்பது அந்த அறைக்குள் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். அந்த அறைக்கு ஆள் எடுக்க அவரிடம் ஒரு பரீட்சை இருந்தது. நினைத்தால் இப்போதும் கெட்ட வார்த்தைதான் வருகிறது. பட்டறைக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதர் ஓரமாகச் சுண்ணாம்பு அடித்த ஒரு செவுரு. ஷிப்ட் முடிந்ததும் எல்லாரும் வரிசையாக அங்கேதான் நிற்பார்கள். ஆரஞ்சு ஆர்டர் ஓடினால் ஒன்னுக்கு ஆரஞ்சாக வரும். சிலருக்கு அன்றோடு போய்விடும், சிலருக்கு மறுநாள் லீவு விட்டாலும் நிற்காமல் வரும். சாயம் வெளியே வருகிறதென்றால் உள்ளே தங்கவில்லை என்றுதானே அர்த்தம், இதில் என்ன பெரிய படிப்பு வேண்டியிருக்கிறது. வந்துகொண்டே இருந்தால் அது தள்ளுகிற உடம்பு. வெள்ளையாகிவிட்டால் அது பிடிக்கிற உடம்பு, சாயத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது, அவனைப் பவுடர் பக்கம் விட்டால் செத்துப்போவான். இதை முதலில் சொன்னது அவர்தான். வேறு எவனோ சொல்லி அவர் நம்பவில்லை, அவர் சொல்லி மற்ற எல்லாரும் நம்பினார்கள், பக்கத்துப் பட்டறை மாஸ்டர்கள்கூட வந்து செவுரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவருடையதுதான் அந்தச் செவுரிலேயே மேலான ஆரஞ்சு. பாப்பாத்தி பாத்ரூமைத் தேய்த்துத் தேய்த்துத் திட்டுவாள், என்ன கருமம் இது, கோயில் மஞ்சத்தண்ணியாட்ட. திருமூர்த்தி அப்போதுதான் மீசை முளைத்து வேலைக்கு வந்திருந்தான், பவுடர் ரூமுக்கு விடுங்க மச்சான், விடுங்க மச்சான் என்று காலைச் சுற்றிய பாம்பு மாதிரி சுற்றினான். செவுருக்குக் கூட்டிப் போனார். மறுநாளே அவனுடையது தண்ணீர். பத்துப் பேர் முன்னால் சிரித்தார். மாப்ள, உன்னுது பிடிக்கிற ஒடம்பு, நீ போய்த் துணி தூக்கு. பொண்டாட்டி தம்பி என்ற அக்கறையா. ஒரு மண்ணும் இல்லை. அவன் முகம் சுண்டினதைப் பார்க்க நன்றாக இருந்தது. அவ்வளவுதான். பவுடர் ரூம் சாவியைத் தன் இடுப்பிலேயே சொருகிக்கொண்டார். துணி தூக்கப் போனவன் துணி கொண்டுவருகிற பார்ட்டிகளைப் பிடித்தான், பேச்சுக் கொடுத்தான், அந்தப் பட்டறையையே விலைக்கு வாங்கினான், காரில் ஏசி போட்டான். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம். பூனை கடலை தின்கிறது.

பாட்டிலில் பாதி தீர்ந்துவிட்டது. எதிரே டிவியில் ஒருத்தி தரை துடைக்கிற மருந்தைக் காட்டிப் பல்லை இளித்தாள், கிருமி எல்லாம் ஒரே துடைப்பில் செத்துவிடுமாம். அடிவயிற்றில் ஒரு கனம் உட்கார்ந்தாயிற்று, இன்னும் வலி இல்லை, யாரோ உள்ளே வந்து இடம் பார்த்து உட்கார்ந்த மாதிரி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர்ப் பெண்ணும் இப்படித்தான் எதிரே வந்து உட்கார்ந்தாள். சாயத்தொழிலில் இருந்தவர்களின் ரத்தத்தை எடுத்து ஏதோ ஆராய்ச்சி செய்கிறாளாம். கல்லீரலில் என்சைம் என்று ஒன்று இருக்கிறது, நொதி என்பார்கள், நம் உடம்புக்குள் வருகிற கண்ட குப்பையையும் உடைத்து வெளியே அனுப்புகிற கூலிக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்றாள். அதில் ஒரு கூலிக்காரன் சிலருக்குச் சுறுசுறுப்பு, சிலருக்கு மந்தம். உங்களுக்கு மந்தம். மந்தமாக இருந்தால் சாயத்திலிருந்து பிரிகிற நஞ்சு சீக்கிரம் கட்டுக்குள் வராது, அதற்குள் இன்னொரு நொதி அதைத் தொட்டு இன்னும் மோசமான ஒன்றாக மாற்றிவிடும், அது மூத்திரப்பையில் போய் உட்கார்ந்து அரிக்கும். அதாவது திருடனைத் துரத்தப் போன காவல்காரனே அவன் கையில் அரிவாளைக் கொடுத்தனுப்பின கதை. சொந்தக் கல்லீரல். அவர் செவுரைப் பற்றிச் சொன்னார். தள்ளுகிற உடம்பு, பிடிக்கிற உடம்பு, எனக்கு நாள்கணக்கில் தள்ளுமே அம்மா என்று சொன்னார், பெருமையாகத்தான் சொன்னார், வெட்கங்கெட்டு. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். அந்த நிறத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க ஐயா, கண்ணுக்குத் தெரிஞ்சது வெறும் சாயம், கெடுதல் பண்றதுக்கு நிறமே கிடையாது, நிறம் வந்துச்சுன்னா அந்தச் சாயம் உங்க உடம்புக்குள்ள புகுந்திருக்குன்னு மட்டும்தான் அர்த்தம் என்றாள். கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவினால் இது மெரூன் இது காப்பி என்று சொல்வார் என்று ஊரில் பேச்சு. எந்த நிறத்தில் ஒரு பொட்டு நீலம் கூடினாலும் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பார். நிறமே இல்லாத ஒன்று அவருக்குள் உட்கார்ந்து தின்றிருக்கிறது. திருமூர்த்தியும் ரத்தம் கொடுத்தான், கூட வந்தவன் சும்மா இருப்பானேன் என்று. அவனுக்குச் சுறுசுறுப்பு. எந்த உடம்பைப் பிடிக்கிற உடம்பு என்று பத்துப் பேர் முன்னால் ஒதுக்கினாரோ அந்த உடம்புக்குத்தான் சுறுசுறுப்பு. எந்த உடம்பை அந்த அறைக்குள் விட்டாரோ அதுதான் மந்தம்.

அதிலும் அந்தப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. ரோட்டுல போற ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஐயா இருக்கும், இது வியாதியே இல்ல, அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது, மூக்கு முழியாட்டம். சாயம் படாம இருந்திருந்தா உங்களுக்கு இது இருக்கறதே தெரியாம இருந்திருப்பீங்க. குறை உங்க ரத்தத்துல இல்ல, அந்த ரூம்ல. இவ்வளவையும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டவன்தான், காரில் ஏறி அவினாசி தாண்டுவதற்குள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே சொன்னான், அப்பக் கோளாறு உங்க ஒடம்பு வாகுலதானுங் மச்சான், சாயத்துல இல்ல. உடம்பு வாகு. அன்றிலிருந்து இந்த வார்த்தை தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. பாப்பாத்தியிடம் போய் அதையே சொன்னான். பாப்பாத்தி பக்கத்து வீட்டில் சொன்னாள், அவங்களுக்கு ஒடம்பு வாகு அப்படீங்க. கறிக்கடைக்காரன் கேட்கிறான், ஏனுங் மாஸ்டர், ஒடம்பு வாகாமா. குளத்தில் விஷத்தைக் கலக்கிவிட்டுச் செத்த மீனைப் பார்த்து உன் செவுள் சரியில்லை என்கிற மாதிரி. அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது. அப்படியானால் பரணிக்கு. மூக்கு அவருடைய மூக்குதான், கடைக்காரன்கூடச் சொல்வான். கல்லீரல் யாருடையது. ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று வீட்டில் கேட்டதற்கு நல்ல நாளும் அதுவுமா ஏன் இந்தப் பேச்சு என்று பாப்பாத்தி எழுந்து போய்விட்டாள். பார்த்துத்தான் என்ன. சுறுசுறுப்பு என்று வந்தால் அனுப்பிவிடுவாரா. அவள் மகன், தம்பி பட்டறை, ஆவணி, நல்ல நாள். எல்லாம் கூடி முடித்துவிட்டார்கள்.

"உங்களுக்கும் தண்ணியாங்ணா?" எதிர் வரிசையில் ஒரு வாயும் வயிறுமான பெண், கையில் அதே பாட்டில். அவள் முகத்தில் வேர்த்திருந்தது. ஆமாம் என்று தலையாட்டினார். "என்னால முடியிலீங், அப்பவே சொன்னேன், இன்னுங் கொஞ்சம் கொஞ்சம்ங்கறா அந்தப் புள்ள" என்று சிரித்தாள். சிரிப்பதற்கு இவளுக்கு ஒரு காரணம் இருக்கிறது, திரையில் ஒரு குழந்தையைக் காட்டுவார்கள். எனக்கு என்னத்தைக் காட்டுவார்கள் என்று நினைத்தார், நினைத்ததும் அவள்மேல் கோபம் வந்தது, கோபம் வந்ததும் தன்மேல் வந்தது. "உக்காராம நடங்க கண்ணு, கொஞ்சம் தேவலாம்" என்றார். அவள் எழுந்து நடந்தாள். அவருக்கும் நடக்க வேண்டும் போல இருந்தது, எழுந்தால் உள்ளே தளும்பும். தொடையைத் தொடையோடு சேர்த்து அழுத்தினார். திருமூர்த்தி எழுந்தான், வயிற்றைத் தடவிக்கொண்டான், ஒன்னுக்குப் போய்ட்டு வந்தர்றனுங் மச்சான் என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போனான். உள்ளே அவன் போகிற சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. கதவை முழுசாகச் சாத்தக்கூட இல்லை. வெகு நேரம் கேட்டது. சுறுசுறுப்பான கல்லீரல், சுறுசுறுப்பான பை. நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தார், கிருமிகள் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. வரட்டும், வந்ததும் சொல்லிவிட வேண்டும். பரணி வரமாட்டான். ரெண்டே வார்த்தை. சொன்னால் என்ன சொல்வான் என்பது தெரியும். அப்ப நீங்க மாத்தரம் இருந்தீங்க என்பான். அல்லது ஒன்றும் சொல்லாமல் அக்காவுக்குப் போன் போடுவான். பத்துப் பேர் முன்னால் சிரித்தவன் இப்போது என் புள்ளையை விட்டுடு என்று அவனிடம் கெஞ்ச வேண்டும், இதற்குத்தான் காத்திருக்கிறானோ, இதற்குத்தான் ஏசி.

திருமூர்த்தி ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. மேலேயும் அடக்கு கீழேயும் அடக்கு.

"மாப்ள" என்றார். "பரணி ஆபீஸ்லயே இருக்கட்டும். பவுடரு வேண்டாம்."

திருமூர்த்தி கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "ஏனுங் மச்சான், பயப்படறீங்களா? நீங்க அளந்த சாயமெல்லாம் இப்ப எங்கீங் இருக்குது? அதையெல்லாம் தடை பண்ணி எத்தன வருசமாச்சு. இப்ப வர்றது பூராப் புதுப் பவுடரு. கையில பட்டாக் கழுவுனாப் போச்சு. ஒடம்புக்குள்ளயே போகாது, ஒன்னுக்குல ஒரு சொட்டு நெறம் வராதுங்."

"வராதா?"

"நம்ம பட்டறைல ஒருத்தனுக்கு வருதான்னு வந்து பாருங். அந்தச் செவுத்தயே இடிச்சாச்சு." சிரித்தான். "அவனுக்கு ஒரு கெடுதல் வர நான் உடுவனா? எங்கக்கா மவன்."

உண்மையாக இருக்கலாம். தடை பண்ணியது உண்மைதான், அவர் காலத்திலேயே பண்ணினார்கள், அதற்குப் பிறகும் பேர் போடாத சாக்கில் மலிவாக ஒரு ஆரஞ்சு வந்துகொண்டிருந்ததும் உண்மைதான், ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிட்டுப் போவார்கள், அவரே அளந்திருக்கிறார். ஆனால் அதெல்லாம் அப்போது. இப்போது பறக்கும் படை, சோதனை, வெளிநாட்டுக்காரன் துணியைக் கிழித்துப் பார்க்கிறான். எதற்கெடுத்தாலும் சந்தேகப்பட்டால் எப்படி. எங்கக்கா மவன் என்று சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் தழுதழுத்ததே, அது வேஷமா. வேஷமாக இல்லாவிட்டால் இன்னும் கோபம் வருகிறது, நல்லவனாகவும் இருந்துவிட்டால் பிறகு அவனை என்னதான் செய்வது. முட்டிக்கிட்டு வந்தது. கவுன்டர்ப் பெண்ணைப் பார்த்தார், அவள் நிமிரவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது, அந்த அதிர்வே நேராக மூத்திரப்பையில் போய் இடித்தது. பரணி.

"ஸ்கேன் ஆச்சுங்களாப்பா?"

"இன்னும் இல்ல" என்றார். பையனின் குரலுக்குப் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். இறக்கை வளைந்த ஃபேன் சத்தம். குரலும் சரியில்லை, எதிலோ பொத்தி வந்தது. துண்டுக்குள்ளிருந்து பேசுகிற குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா, பாதி ஆயுசு அந்தக் குரலில்தானே பேசினார்.

"எங்கடா இருக்கற?"

"பவுடர் ரூம்லதாங்ப்பா. ஒரு வாரமாப் பழகறேன். ஆவணி வந்தாச் சொல்லிக்கலாம்னு மாமாதான்..."

"பரணி, ஒன்னுக்கு என்ன நெறத்துல வருது?"

அந்தப் பக்கம் சிரிப்பு. வெட்கமும் பெருமையும் கலந்த சிரிப்பு, அவருடைய சிரிப்பேதான். "உங்களுக்கு எப்புடீங்ப்பா தெரியும்? ஆரஞ்சா வருதுங். நேத்து லீவுதான், இன்னைக்கும் அப்புடியே. பயந்துட்டனுங் மொதல்ல. மாமாதான் சொன்னாரு, பயப்படாத, உங்கப்பனாட்டமே உனக்கும் தள்ளுற ஒடம்புடான்னு. அப்புடி இருக்கறவங்களுக்குத்தான் இந்த ரூம் ஒத்துக்குமாமா. நீங்க சொன்னதாமா."

நீங்க சொன்னதாமா. ஃபேன் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பொடி. அந்த ஆரஞ்சு அவருக்குத் தெரியும், உலகத்தில் எந்த மாஸ்டரைவிடவும் அவருக்குத்தான் தெரியும். பேர் போடாத சாக்கு. புதுப் பவுடராம், ஒரு சொட்டு நெறம் வராதாம், செவுத்தை இடித்தானாம், செவுத்தை இடித்துவிட்டுச் செவுத்துக் கதையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். அவர் தலை திருப்பிப் பார்த்தார். திருமூர்த்தி முகம் டிவி பக்கம் இருந்தது, காது மட்டும் இங்கே இருந்தது. காது மடல் சிவந்திருந்தது.

"வெளிய வா" என்றார் போனில். "இப்பவே. துண்டை அங்கயே கழட்டிப் போட்டுட்டு வா. ரோட்டுக்கு வந்து நில்லு."

"மாமாகிட்டக் கேக்காம எப்புடீங்ப்பா..."

"நான் சொன்னது பொய்யிடா. அந்தத் தள்ளுற ஒடம்பெல்லாம் பொய்யி. நான்தான் சொன்னேன், நானே சொல்றேன், பொய்யி. வெளிய வா."

ஃபேன் சத்தம் நிற்கவில்லை. பையன் அப்பா அப்பா என்றான், ஒன்றும் புரியாத குரலில். அவர் எழுந்தார். எழுந்ததும் உள்ளே தளும்பி ஒரு சொட்டு வேட்டியில் இறங்கியது. கவுன்டர்ப் பெண் இப்போதுதான் நிமிர்ந்தாள். நாச்சிமுத்து, நாச்சிமுத்து யாருங்க, வாங்க, ரூம் காலி. அவர் அவளைத் தாண்டி நடந்தார். திருமூர்த்தி சுறுசுறுப்பாகச் சத்தம் போட்டுவிட்டு வந்த அதே கதவைத் தள்ளித் திறந்தார். ஐயா அதுக்குப் போனீங்கன்னா எல்லாம் போயிரும், மறுபடி மொதல்ல இருந்து குடிக்கணும் என்று அவள் பின்னால் கத்தினாள். போகட்டும். அடக்கியது போதும். வெள்ளைப் பீங்கானில் வந்து விழுந்தது, நிற்காமல் விழுந்தது. குனிந்து பார்த்தார். இத்தனை வருசப் பழக்கம், பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெறும் தண்ணீர். ஒரு பொட்டு நிறம் இல்லை. கெடுதல் பண்றதுக்கு நிறமே கிடையாது. கைகூடக் கழுவாமல் வெளியே வந்தார்.

திருமூர்த்தி எழுந்து நின்றிருந்தான். "மச்சான், ஸ்கேன்..."

"நான் சொன்னதக் கேட்டிருந்தாப் பையன் ரோட்டுல நிப்பான். இல்லீன்னா உள்ளதான் இருப்பான், நீ சொன்னாத்தான் வருவான்." அவர் குரல் உயரவில்லை. "வண்டிய எடு மாப்ள. அந்த ரூம் சாவி எங்கிட்டக் குடு."

திருமூர்த்தியின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவியை அங்கேதான் சொருகியிருந்தான்.